கேளுங்க, சொல்றேன்: வீடே சேந்து பாக்க டிவில என்ன இருக்கு?

போன இதழ் கடைசில "உங்க வீட்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து கடைசியா எப்ப டிவி பாத்தீங்க"ன்னு ஒரு வரி கேட்டிருந்தேன். அதுக்கு வந்த பதில் பூராவும் கேள்வியாத்தான் வந்திருக்கு, படிச்சு முடிக்கவே 2 நாள் ஆச்சு. ஒரே மாதிரி இருந்தத ஒண்ணா சேத்து, சிலர் பேர் வேணாம்னு கேட்டதால எல்லாருக்குமே பேர எடுத்துட்டு ஊர் மட்டும் போட்டு எழுதறேன்.

கேள்வி: அக்கா வணக்கம். நாங்க கும்பகோணம், வீட்ல 6 பேர். ராத்திரி 7 மணி ஆச்சுன்னா மாமியாருக்கு சீரியல், மாமனாருக்கு நியூஸ் விவாதம், வீட்டுக்காரர் பாத்திரக்கடைய சாத்திட்டு வந்து போன்ல கிரிக்கெட், 9வது படிக்கற பொண்ணு ரூம்ல கதவ சாத்திக்குவா, 2வது படிக்கற பையன் டேப்ல கார்ட்டூன். எல்லாரும் சேந்து உருப்படியா ஏதாவது பாக்கலாமேன்னு ஒரு ஞாயித்துக்கிழமை விண்வெளி பத்தி ஒரு டாகுமெண்டரி போட்டேன், 10 நிமிஷத்துல நான் மட்டும்தான் உக்காந்திருந்தேன். அழுகையே வந்துடுச்சு. என்ன போட்டா உக்காருவாங்க?

பதில்: தங்கச்சி, உங்க கடிதத்த படிச்சப்ப எங்க வீட்டுக் கூடம்தான் கண்ணுக்குள்ள வந்துச்சு. நானும் பல வருஷம் இதையேதான் பண்ணேன். 25 வருஷம் அறிவியல் சொல்லிக்குடுத்தவ நான், அதனால புள்ளைங்களுக்கு எது நல்லதோ அதையே தேடித் தேடி போடுவேன், அணு, மூளை, கருந்துளைன்னு. புள்ளைங்க மரியாதைக்கு கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எந்திரிச்சுப் போயிடும், எங்க அம்மா முதல் நிமிஷத்துலயே அடுப்படிக்குப் போயிடுவாங்க.

அப்புறம் ஒருநாள் தென் அமெரிக்கா காட்டுல இருக்கற இலைவெட்டி எறும்பு பத்தி ஒரு படம் யூடியூப்ல ஓடிட்டிருந்துச்சு. அந்த எறும்பு இலைய துண்டு துண்டா கத்தரிச்சு வரிசையா புத்துக்குள்ள தூக்கிட்டுப் போகும், ஆனா அத அப்படியே தின்னாது, மென்னு கூழாக்கி அதுமேல ஒரு பூஞ்சைய வளத்து அந்தப் பூஞ்சையத்தான் சாப்பிடும், நடுவுல வேற ஏதாவது வேண்டாத பூஞ்சை முளைச்சா அத புடுங்கிட்டுப் போய் குப்பைல போட்டுடும். எங்க அம்மாவுக்கு 78 வயசு, லால்குடி பக்கம் நடவு நட்டு களை எடுத்து வளந்தவங்க. அடுப்படிலேர்ந்தே எட்டிப் பாத்து "இரு இரு, எறும்பு களையா எடுக்குது?"ன்னு கேட்டுக்கிட்டே வந்து கண்ணாடிய மாட்டிட்டு உக்காந்துட்டாங்க. அதோட விடல. "இதென்ன அதிசயம், நம்மூர்க் கரையான் புத்துலயுந்தான் காளான் வருது, இடி இடிச்சு மழை பேஞ்ச மறுநாள் விடியறதுக்குள்ள போனா புத்துக்காளான் குடை குடையா நிக்கும், உங்க தாத்தா துண்டுல கட்டிக் கொண்டாருவாரு, மிளகு போட்டு கொழம்பு வச்சா கறிக்கொழம்பு கிட்ட வர முடியாது"ன்னாங்க. என் பையன் உடனே போன எடுத்து தேடறான், பாத்தா அம்மா சொன்னது அப்படியே சரி. நம்மூர்ல இருக்கற ஒருவகைக் கரையானும் புத்துக்குள்ள பூஞ்சைத் தோட்டம் போட்டு வளக்குது, மழைக்கு அதோட காளான்தான் மண்ணுக்கு மேல தலைய நீட்டுது. எனக்கே அது அன்னிக்குத்தான் தெரியும். அரைமணி நேரப் படம் ரெண்டு மணி நேரம் ஓடிச்சு, நிறுத்தி நிறுத்தி அம்மா சொல்லிட்டே இருந்தாங்க, 9வது படிக்கற என் பொண்ணு பாட்டி பக்கத்துல போய் ஒட்டிக்கிட்டா.

அன்னிலேர்ந்து நான் தேடற விதமே மாறிப்போச்சு. முதல்ல வீட்ல யாருக்கு என்ன தெரியும்னு யோசிப்பேன், அப்புறம் அதுக்குப் பக்கத்துல என்ன படம் இருக்குன்னு பாப்பேன். உங்க வீட்டையே எடுத்துக்கோங்க. வீட்டுக்காரர் பாத்திரக்கடை வச்சிருக்கார், பித்தளை செம்பு எவர்சில்வர் எல்லாம் கைல புழங்கறவர். ஹௌ இட்ஸ் மேட்னு ஒரு கனடா நிகழ்ச்சி, 2001ல ஆரம்பிச்சது, ஒரு பொருள் தொழிற்சாலைல எப்படி உருவாகுதுன்னு ஒவ்வொண்ணும் சுமார் 5 நிமிஷத்துல காட்டுவாங்க, பெரும்பாலும் தொகுப்பாளர்னு யாரும் வந்து குறுக்க நின்னு பேச மாட்டாங்க, மிஷினும் கையும்தான் தெரியும். மொழி புரியலன்னாலும் பாக்கலாம். உலோகம் உருக்கறது, தகடு அடிக்கறதுன்னு வர்ற துண்ட மட்டும் தேடிப் போட்டுட்டு நீங்க ஒண்ணும் பேசாம இருங்க, அவரே "நம்ம ஊர்ல இத இப்படிப் பண்ண மாட்டாங்க"ன்னு ஆரம்பிப்பார். அவ்ளோதான், பையன் போய் அவர் மடில உக்காந்துடுவான்.

மாமனாருக்கு, பிபிசியோட ஸ்டோரி ஆஃப் இந்தியா. 2007ல வந்தது, 6 பாகம், மைக்கேல் வுட்னு ஒரு வரலாற்று ஆசிரியர் ஊர் ஊரா நடந்து காட்டுவார். அதுல சோழர் பத்தி வர்ற பகுதில தஞ்சாவூர் பெரிய கோயிலும் வரும், பரம்பரையா வெண்கலச் சிலை வார்க்கறவங்களும் வருவாங்க. உங்களுக்கு சுவாமிமலை எவ்ளோ தூரம் சொல்லுங்க, ஒரு பஸ் ஏறினா ஆச்சு. படத்த பாத்துட்டு மறு வாரம் மாமனாரையே புள்ளைங்கள கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, மெழுகுல உருவம் பண்ணி, மேல வண்டல் மண்ணப் பூசி, சூடு பண்ணி மெழுக உருக்கி எடுத்துட்டு அந்த வெத்து எடத்துல உலோகத்த ஊத்தறத நேர்லயே பாக்கலாம். அந்த வண்டல் மண்ணு காவிரி மண்ணு.

ஆனா முதல் படமா இதெல்லாம் போடாதீங்க. முதல்ல தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ் போடுங்க. முதுமலை தெப்பக்காடு யானை முகாம்ல பொம்மன், பெள்ளின்னு ரெண்டு பேர், தாயில்லாத யானைக்குட்டி ரகுவையும் அம்முவையும் புள்ளை மாதிரி வளக்கற கதை, கார்த்திகி கொன்சால்வ்ஸ் எடுத்தது, 2023ல சிறந்த குறும் ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் வாங்குச்சு. 40 நிமிஷம்தான் இருக்கும், பேசறது நம்ம தமிழ், அதனால மாமியாருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம். சீரியல்ல அவங்க தேடறது குடும்பம், பாசம், பிரிவு இதுதானே, அத்தனையும் இதுல இருக்கு, யானைக்குட்டியோட இருக்கு. என் அம்மா அந்த ரகுவ வேற ஆள்கிட்ட ஒப்படைக்கற எடத்துல முந்தானையால கண்ண தொடச்சுக்கிட்டாங்க, என் பையனும் முகத்த திருப்பிக்கிட்டான்.

இன்னும் ரெண்டே விஷயம். சீரியல் நேரத்துல கை வைக்காதீங்க, வயசானவங்க நாள் பூரா எதிர்பாத்து உக்காந்திருக்கற நேரம் அது, அத புடுங்கினா நீங்க தங்கத்தையே காட்டினாலும் பாக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மாதிரி யாருக்கும் சொந்தமில்லாத நேரமா ஒண்ணு புடிங்க. அப்புறம் படம் முடிஞ்சதும் பையன்கிட்ட "என்ன கத்துக்கிட்ட, சொல்லு"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க, கேட்ட அன்னிக்கே அது பள்ளிக்கூடம் ஆயிடும், அடுத்த வாரம் வர மாட்டான்.

கேள்வி: மேடம், நல்ல நிகழ்ச்சி எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. எங்க வீட்ல பெரியவங்களுக்கு தமிழ் தவிர ஒண்ணும் தெரியாது. என்ன செய்யறது? (மதுரை)

பதில்: முதல்ல உங்க செட்டாப் பாக்ஸ் ரிமோட்ட எடுத்துப் பாருங்கம்மா, ஆடியோன்னோ லாங்குவேஜ்னோ ஒரு பட்டன் இருக்கும், பலபேர் வருஷக்கணக்கா அத தொட்டதே இல்ல. டிஸ்கவரிக்கு தமிழ்ச் சேனலே இருக்கு, நேஷனல் ஜியாகிராஃபிக், சோனி பிபிசி எர்த் இதுலல்லாம் தமிழ் ஒலி வரும். உங்க பேக்ல இல்லன்னா கேபிள்காரர்கிட்ட கேளுங்க, 2019லேர்ந்து வேணுங்கற சேனல தனியா சேத்துக்கலாம், மொத்தப் பேக்கையும் மாத்தணும்னு இல்ல. காடு பிடிக்கும்னா வைல்ட் கர்நாடகா தேடுங்க, இங்கிலீஷ்ல டேவிட் அட்டன்பரோ பேசறார், தமிழ்ல பிரகாஷ்ராஜ் குரல். ஆகும்பே காட்டு ராஜநாகம் எல்லாம் வரும், நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைதானே, பெரியவங்களுக்கு அந்நியமாத் தெரியாது. பாம்புலயே கூடு கட்டி முட்டை வைக்கறது ராஜநாகம் ஒண்ணுதான், அத சொல்லிட்டுப் போடுங்க.

தமிழ்ல கிடைக்காத படத்துக்கு நான் ஒரு வழி வச்சிருக்கேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி. சப்டைட்டில போட்டுட்டு, படிக்கற புள்ளைய பாட்டி பக்கத்துல உக்கார வச்சு, ஓடஓட தமிழ்ல சொல்லச் சொல்லுவேன். ஆரம்பத்துல திக்கும், நிறுத்தி நிறுத்திப் போகணும், பொறுமையா இருங்க. என் பொண்ணுக்கு ஹைபர்னேஷன்ங்கற வார்த்தை வந்தப்ப தமிழ்ல என்ன சொல்றதுன்னு தெரியல, "குளிர் காலம் பூரா தின்னாம கொள்ளாம தூங்கிடும் பாட்டி"ன்னா. எந்த அகராதியும் அத இவ்ளோ தெளிவா சொல்லாது. இங்கிலீஷும் வருது, தமிழும் வருது, பாட்டிக்கும் பேத்திக்கும் பேச்சும் வருது.

கேள்வி: என் பொண்ணுக்கு 7 வயசு. விலங்கு நிகழ்ச்சி போட்டா புலி மானப் பிடிக்கறப்ப கத்தி அழறா, ராத்திரி தூங்க மாட்டேங்கறா. நிறுத்திடலாமா? (திருநெல்வேலி)

பதில்: நிறுத்த வேண்டாம்மா, ஆனா அழறத சாதாரணமா விட்டுடவும் வேண்டாம். முதல்ல ஒரு தகவல், இது பலருக்கும் தெரியாது. இந்தப் படங்கள தூரத்துலேர்ந்து பெரிய லென்ஸ் வச்சுத்தான் எடுப்பாங்க, அவ்ளோ தூரத்துலேர்ந்து எலும்பு நொறுங்கற சத்தமும் மூச்சு வாங்கற சத்தமும் கேக்கவே கேக்காது, பெரும்பாலும் அதெல்லாம் பின்னாடி ஸ்டுடியோல சேக்கறது. பனில கரடி நடக்கற சத்தத்துக்கு சோளமாவு மாதிரி ஒண்ண துணில கட்டி அமுக்குவாங்க. குழந்தைய பயமுறுத்தறதுல பாதி அந்த சத்தமும் பின்னணி இசையும்தான். அதனால வேட்டை வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் சத்தத்த முழுசா குறைச்சுட்டு நீங்க பேசுங்க, உங்க குரல் கேட்டுட்டே பாத்தா பயம் பாதியாகும். அந்த சோளமாவு சமாச்சாரத்தயும் சொல்லிக்குடுங்க, வீட்லயே துணில மாவு கட்டி சத்தம் வருதான்னு பாக்கச் சொல்லுங்க, எங்க பக்கத்து வீட்டுப் பொடிசு அத ஒரு வாரம் பண்ணிட்டு திரிஞ்சுச்சு.

நீங்களே முன்னாடி ஒருதடவ பாத்துட்டுப் போடறது நல்லது. பிளானட் எர்த் 2ன்னு 2016ல வந்ததுல கலாபகோஸ் தீவுல முட்டைலேர்ந்து அப்பத்தான் வெளில வந்த உடும்பு மாதிரி ஒரு குஞ்சு, கூட்டம் கூட்டமா தொரத்தற பாம்புகிட்ட மாட்டி தப்பிச்சு ஓடறது வரும். அது உலகம் பூரா பேசப்பட்ட காட்சி, ஆனா உங்க பொண்ணுக்கு இப்ப வேண்டாம், ரெண்டு வருஷம் போகட்டும். இப்போதைக்கு பெங்குவின் போடுங்க. எம்பரர் பெங்குவின்ல முட்டைய அடைகாக்கறது அப்பா, பாதத்து மேல முட்டைய வச்சு வயித்துத் தோலால மூடிக்கிட்டு அண்டார்டிகா குளிர்ல 2 மாசத்துக்கு மேல இரையே இல்லாம நிக்கும். அம்மா கடலுக்குப் போய் இரை எடுத்துட்டு திரும்பி வரணும். எங்க வீட்டுக்காரர் இதப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தார், அப்புறம் எந்திரிச்சுப் போய் காப்பி போட்டுக் கொண்டுவந்து எல்லாருக்கும் குடுத்தார்.

பொண்ணு கேட்டா மறைக்காம பதில் சொல்லுங்க. மான் செத்தா பாவம்தான், புலிக்குட்டிக்கு பசின்னா அதுவும் பாவம்தான், ரெண்டையும் சொல்லுங்க. அழுதா அழட்டும், மடில வச்சுக்கோங்க.

கேள்வி: நான் தபால் துறைல 34 வருஷம் வேலை பாத்து ஓய்வு பெற்றவன், சிவகங்கை. அந்தக் காலத்து தூர்தர்ஷன் மாதிரி வருமா? ஒரே சேனல், தெருவே ஒரு வீட்ல கூடிப் பாப்போம். இப்ப இத்தனை சேனல் இருந்தும் உருப்படியா ஒண்ணும் இல்லயே, ஏன்?

பதில்: ஐயா, உங்க கடிதம் கையெழுத்துல வந்துச்சு, அத பத்திரமா வச்சிருக்கேன். நீங்க தபால்ல இருந்தவர், சுரபி உங்களுக்கு கண்டிப்பா ஞாபகம் இருக்கும். 1990ல ஆரம்பிச்சு சுமார் 10 வருஷம் ஓடின நிகழ்ச்சி, சித்தார்த் காக்கும் ரேணுகா ஷஹானேயும் சிரிச்சுக்கிட்டே நாட்டோட கலையும் ஊரும் காட்டுவாங்க, கடைசில ஒரு கேள்வி கேப்பாங்க, பதில் போஸ்ட் கார்டுல போடணும். 15 பைசா கார்டு மூட்டை மூட்டையா போய்க் குவிஞ்சு, தபால் துறை போட்டிக்குன்னே 2 ரூபா கார்டு தனியா கொண்டுவர வேண்டியதாச்சு. ஹிந்தி தெரியாமலே நாங்க பாத்தோம், எங்க அப்பா அட்லஸ எடுத்து வச்சுட்டு ஊரத் தேடுவார்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15ல ஆரம்பிச்சது. அதே வருஷம் ஆகஸ்ட்லதான் இஸ்ரோவும் தூர்தர்ஷனும் சேந்து செயற்கைக்கோள் வழியா 6 மாநிலத்துல 2,400 கிராமத்துக்கு ஒரு வருஷம் பாடமும் விவசாயமும் சுகாதாரமும் காட்டினாங்க, ஊருக்கு ஒரு டிவி, பள்ளிக்கூடத் திண்ணைல ஊரே உக்காந்து பாக்கும். தமிழ்நாடு அந்த 6ல இல்ல, ஆந்திராவும் கர்நாடகாவும் இருந்துச்சு. எனக்கு இன்னிக்கும் அது மனசுல ஒரு சின்னக் குறைதான். நமக்கு வயலும் வாழ்வும்னு விவசாய நிகழ்ச்சி இருந்துச்சு. நெல்லுக்கு என்ன நோய், என்ன மருந்துன்னு வரும், அத பாட்டுக்கு நடுவுல வந்ததா நினைச்சு எந்திரிச்சுப் போனவங்களும் உண்டு, எங்க தாத்தா அதுக்காகவே வயல்லேர்ந்து சீக்கிரம் வந்து கால் கழுவிட்டு உக்காருவார்.

இப்ப உருப்படியா இல்லங்கறத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன் ஐயா. இருக்கு, ஆனா தேடினாத்தான் கிடைக்குது, தானா கூடத்துக்கு வர்றதில்ல. அப்ப ஒரே சேனல்ங்கறதால நாம சேந்து உக்காந்தோம், இப்ப சேந்து உக்காரணும்னு யாராவது ஒருத்தர் வீட்ல மெனக்கெடணும். அந்த ஒருத்தரா நீங்க இருங்களேன். தூர்தர்ஷன நடத்தற பிரசார் பாரதி பழைய நிகழ்ச்சி நிறைய யூடியூப்ல ஏத்திட்டு வர்றாங்க, 2024 நவம்பர்லேர்ந்து வேவ்ஸ்னு சொந்த ஓடிடியும் வச்சிருக்காங்க. ஷியாம் பெனகல் எடுத்த பாரத் ஏக் கோஜ் தேடிப் பாருங்க, 1988ல வந்தது, 53 பாகம், நேரு எழுதின புத்தகத்த வச்சு எடுத்தது. அதுல சிலப்பதிகாரமும் வருது, சோழர்களும் வராங்க. ஹிந்திதான், ஆனா கண்ணகி கதைய உங்க பேரப்புள்ளைங்களுக்கு சொல்ல உங்களவிட ஆள் யாரு? படம் ஓடட்டும், கதைய நீங்க சொல்லுங்க.

கேள்வி: கடல்கன்னி நெஜமாவே இருக்குன்னு ஒரு டாகுமெண்டரி பாத்தோம், விஞ்ஞானிங்க எல்லாம் பேசறாங்க. எங்க மாமா கடலுக்குப் போறவர், "40 வருஷமா கடல்ல கிடக்கேன், நான் பாக்காததா"ன்னு சிரிக்கிறார். யார நம்பறது? (தூத்துக்குடி)

பதில்: மாமாவ நம்புங்க. 2012ல அனிமல் பிளானட் சேனல்ல கடல்கன்னி உடம்பு கிடைச்ச மாதிரி ஒரு நிகழ்ச்சி வந்துச்சு, நீங்க பாத்தது அதாத்தான் இருக்கும்னு தோணுது. அதுல வர்ற விஞ்ஞானிங்க நடிகருங்க, காட்சி எல்லாம் கம்ப்யூட்டர்ல செஞ்சது. பாத்தவங்க நெஜம்னே நினைச்சு கேள்வி கேட்டதுல அமெரிக்க அரசோட கடல் ஆய்வுத் துறையே "கடல்கன்னி இருக்கறதுக்கு எந்த ஆதாரமும் கிடைச்சதில்ல"ன்னு எழுதிப் போட வேண்டியதாச்சு. அடுத்த வருஷமே டிஸ்கவரில அழிஞ்சுபோன ராட்சத சுறா மெகலோடான் இன்னும் உயிரோட இருக்குன்னு அதே பாணில ஒண்ணு. பெரிய சேனல்ல வந்துட்டா மட்டும் உண்மை ஆயிடாது. கோயிலையும் பிரமிடையும் வேற்றுக்கிரகத்துலேர்ந்து வந்தவங்க கட்டினாங்கன்னு வர்ற தொடர்களும் அதே ரகம்தான், நம்ம முன்னோர் கைவேலைய பிடுங்கி யாருக்கோ குடுக்கறத எனக்கு தாங்கவே முடியாது.

இது புது வியாதி இல்ல. 1958ல டிஸ்னி எடுத்த ஒயிட் வில்டர்னஸ்ங்கற படத்துல லெம்மிங்னு ஒரு எலி மாதிரி பிராணி கூட்டமா மலைலேர்ந்து விழுந்து தற்கொலை பண்ணிக்கற மாதிரி காட்டினாங்க, ஆஸ்கரே வாங்குச்சு. பின்னாடி பாத்தா அந்தப் பிராணிங்கள வெளிலேர்ந்து கொண்டுவந்து அவங்களே விளிம்புக்குத் தள்ளி எடுத்திருக்காங்க. உங்க வீட்ல இதையே ஒரு விளையாட்டா வச்சுக்கோங்க, படம் பாக்கறப்ப "இத கேமராகாரர் எங்க நின்னு எடுத்திருப்பார்"னு புள்ளைங்க கேக்கட்டும், கடல்னு வந்தா மாமா தீர்ப்பு சொல்லட்டும். ப்ளூ பிளானட் 2ல ஒரு மீன் சிப்பிய வாய்ல கவ்விட்டுப் போய் ஒரே பவளப்பாறைல மறுபடி மறுபடி அடிச்சு உடைச்சுத் திங்கும், அது நெஜம். மாமாகிட்ட போட்டுக் காட்டி அந்த மாதிரி எதாவது அவர் பாத்திருக்காரான்னு கேட்டு எனக்கும் எழுதுங்க, ஆசையாக் கேக்கறேன்.

கேள்வி: ஒன்றரை வயசுப் பையனுக்கு நல்ல அறிவு வளர்ற நிகழ்ச்சி எது? சாப்பாடு ஊட்ட வசதியா இருக்கும். (சேலம்)

பதில்: எதுவும் வேண்டாம்மா. உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிருக்கு, 1 வயசுப் புள்ளைங்களுக்கு டிவி மாதிரி எதையும் உக்கார வச்சுக் காட்ட வேண்டாம், 2 வயசுக்கு மேல 1 மணி நேரத்துக்குள்ள, அதுவும் குறைவா இருந்தா நல்லதுன்னு. அந்த வயசுல அவனுக்கு உங்க முகம்தான் டிவி. மொட்டமாடில காக்காவக் காட்டி ஊட்டுங்க, ரெண்டு வாய் குறைவா சாப்பிட்டாலும் பரவால்ல. தனியா ஒரு தாயா எல்லாத்தையும் பாக்கறீங்கன்னு எழுதிருந்தீங்க, கஷ்டம் புரியுது. முடியாத அன்னிக்கு கொஞ்ச நேரம் ஓடிச்சுன்னா அதுக்காக உங்கள நீங்க திட்டிக்காதீங்க.

கேள்வி: நாங்க டொராண்டோல இருக்கோம். பிள்ளைகளுக்கு தமிழ் விளங்கும், கதைக்க வராது. அம்மம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. ரெண்டு பேரும் சேந்து பாக்க ஏதும் இருக்கா?

பதில்: மேல சொன்ன முதுமலை யானைப் படம்தான் உங்களுக்கும் முதல்ல. அம்மம்மாவுக்கு தமிழ் காதுல விழும், பிள்ளைங்க சப்டைட்டில் படிக்கும், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அடுத்தது பேச்சே தேவைப்படாத நிகழ்ச்சி, அந்த ஹௌ இட்ஸ் மேட் உங்க ஊர்ச் சரக்குதானே, பொருள் என்னன்னு அம்மம்மா தமிழ்ல சொல்லணும், பிள்ளை அத திருப்பிச் சொல்லணும். கதைக்க வரலன்னு திட்டாம இருந்தா, நாலு வாரத்துல ஒண்ணு ரெண்டு வார்த்தை தானா விழும்.

கேள்வி: 10வது படிக்கற பையன் டிவி பாத்தா மார்க் போயிடாதா? (ஈரோடு)

பதில்: வாரத்துல ஒருநாள் 40 நிமிஷம் குடும்பத்தோட உக்காந்தா போகாது சார். பாடமாவே வேணும்னா தமிழ்நாடு அரசோட கல்வித் தொலைக்காட்சி இருக்கு, 2019 ஆகஸ்ட்லேர்ந்து ஓடுது, கொரோனா சமயத்துல எத்தனையோ புள்ளைங்களுக்கு பள்ளிக்கூடமே அதுதான். ஆனா அது அவன் தனியா பாக்கறது. குடும்ப நேரத்துல அத போடாதீங்க, அவனுக்கு மூச்சு விட எடம் வேணும். போட்டி நிகழ்ச்சி போடலாம். 2020 ஜனவரில கோடீஸ்வரில மதுரையச் சேர்ந்த கௌசல்யா, காது கேக்காத வாய் பேச முடியாத பொண்ணு, 1 கோடி ஜெயிச்சாங்களே, அன்னிக்கு எங்க வீட்ல எல்லாரும் எந்திரிச்சு நின்னு கைதட்டினோம். கேள்வி வந்ததும் ஆப்ஷன் வரதுக்குள்ள வீட்ல ஒவ்வொருத்தரும் பதில் சொல்லணும்னு வைங்க, உங்க பையன் உங்கள முந்துவான், அந்த சந்தோஷம் அவனுக்கு இந்த வருஷம் ரொம்பத் தேவை.

கேள்வி: ஆன்ட்டி, நான் 7வது படிக்கறேன், நாமக்கல். சந்திரயான் 3 நிலாவுல இறங்கினப்ப எங்க வீட்ல எல்லாரும் டிவி முன்னாடி உக்காந்திருந்தோம், தாத்தா சாமி கும்பிட்டார். அதுக்கப்புறம் அந்த மாதிரி எல்லாரும் உக்காரவே இல்ல. மறுபடி எப்ப வரும்?

பதில்: கண்ணு, உன் கடிதத்ததான் நான் முதல்ல படிச்சேன், கடைசில பதில் எழுதறேன். 2023 ஆகஸ்ட் 23, சாயங்காலம் 6 மணி 4 நிமிஷம், எங்க வீட்லயும் அப்படித்தான், திரைல ஒரு கோடும் சில நம்பரும்தான் ஓடிச்சு, அதப் பாத்துக்கிட்டு யாரும் இமைக்கல. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். உன் ஊர் பத்தி ஒண்ணு தெரியுமா? இறங்கிப் பழக இஸ்ரோவுக்கு நிலா மண்ணு மாதிரி மண்ணு வேணும்னு தேடினப்ப அது கிடைச்சது உங்க நாமக்கல் மாவட்டத்துல, சித்தம்பூண்டி, குன்னமலை பக்கத்துல. அங்க இருக்கற அனார்த்தோசைட்ங்கற பாறை நிலாவோட மேட்டு நிலத்துல இருக்கற வகை. தாத்தாகிட்ட கேளு, அவர் அந்தப் பக்கம் போயிருப்பார். ஒரு லீவு நாள்ல கூட்டிட்டுப் போகச் சொல்லி ஒரு சின்னக் கல்லு எடுத்துட்டு வந்து டிவி பக்கத்துல வை. இஸ்ரோ ஒவ்வொரு ராக்கெட்டையும் நேரலைல காட்டறாங்க, தேதிய நீயே பேப்பர்ல பாத்து காலண்டர்ல எழுதி வை. 2027 ஆகஸ்ட் 2ம் தேதி ஒரு முழு சூரிய கிரகணம் வருது, எகிப்துல லக்சர்ங்கற ஊர்ல 6 நிமிஷத்துக்கு மேல பகல் இருட்டாகும், நிறைய பேர் நேரலைல காட்டுவாங்க. அதையும் இப்பவே எழுதி வை, அன்னிக்கு திங்கக்கிழமை, அப்பாவ சீக்கிரம் வரச் சொல்லணும், தாத்தாவுக்கு முன்வரிசைல நாற்காலி போட்டு வைக்கணும், அம்மாகிட்ட சுண்டலுக்கு முதல் நாளே கடலை ஊறப்போடச் சொல்லு.